அப்டேட் முடிந்தது, பில்ட் விழுந்தது: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

போன மாதம் லினக்ஸில் எந்தச் சிக்கலும் இல்லாமல் பில்ட் ஆன, அதாவது சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து கட்டிய, அதே பேக்கேஜ், நேற்று ராத்திரி சிஸ்டம் அப்டேட் கொடுத்த பிறகு சிவப்பு எழுத்தில் கத்துகிறது என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். பேக்கேஜ் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி இருந்தவைதான் மாறிவிட்டன. ஆகவே "இந்த எரரை எப்படிப் போக்குவது" என்பது இரண்டாவது கேள்வி. "நேற்று என்ன மாறியது" என்பதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆர்ச், எண்டெவர், மஞ்சாரோ போன்ற லினக்ஸ் வகைகளைப் போட்டுக்கொண்டு ஏயுஆரில் (பயனர்களே பேக்கேஜ் செய்முறைகளைப் போட்டு வைக்கும் ஆர்ச்சின் தளம்) இருந்து பேக்கேஜ் கட்டுகிறவர்களுக்குத்தான் இது முக்கியமாக. உபுண்டு, மின்ட் ஆட்களுக்குக் கீழே தனியாகச் சொல்கிறேன். சேலத்தில் இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களைப் பார்த்தால், கருப்பூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள், செவ்வாய்ப்பேட்டையில் பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள், ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு பார்க்கிறவர்கள் என்று ஆளுக்கொரு தினுசு. விழுகிற காரணங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். கட்டளைகளைப் போனில் சொல்வது போல உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியமாக வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதல் எரரைத் தேடுங்கள், கடைசி எரரை அல்ல

"எ ஃபெய்லியர் அக்கர்டு இன் பில்ட்" என்று, பேக்கேஜைக் கட்டும் கருவியான மேக்பிகேஜி கடைசியில் சொல்வதில் ஒன்றுமே இல்லை. வேலை நடக்கவில்லை என்கிறது, அவ்வளவுதான். அதை அப்படியே தேடிப் பார்த்தால் உலகத்தில் விழுந்த எல்லாப் பில்டும் வரும். காரணம் ஐம்பது வரி மேலேயோ ஐந்நூறு வரி மேலேயோ கிடக்கும். மேக்பிகேஜிக்கு பெரிய எழுத்து எல் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அதைக் கொடுத்தால் பில்டின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி லாக் ஃபைலாக எழுதி வைக்கும். அதை எடிட்டரில் திறந்து, மேலிருந்து கீழாக, "எரர்" என்ற சொல்லுக்குப் பின் கோலன் வரும் முதல் இடத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே வருவது பெரும்பாலும் அதன் பிள்ளைகுட்டிகள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டு கோர் இருக்கிற மெஷினில் எட்டு வேலை ஒரே நேரத்தில் ஓடும்போது எட்டின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும், எது எதனுடைய எரர் என்றே தெரியாது. அப்போது மேக்ஃபிளாக்ஸ் என்ற வேரியபிளில் மைனஸ் ஜே ஒன்று என்று கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். மெதுவாகத்தான் போகும், கீழே போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் நிற்கிற இடம் துல்லியமாகத் தெரியும்.

சிஸ்டத்தைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா? நல்ல விஷயம், மாற்ற வேண்டாம். பில்ட் ஓட்டும்போது மட்டும் எல்சி-ஆல் என்ற வேரியபிளுக்கு சி என்று மதிப்புக் கொடுத்து ஓட்டுங்கள். எரர் ஆங்கிலத்தில் வந்தால்தான் தேடும்போது அகப்படும். அப்புறம், தமிழ்ப் பெயரிலோ நடுவில் இடைவெளி விட்ட பெயரிலோ இருக்கும் ஃபோல்டருக்குள் வைத்துக் கட்டாதீர்கள். "புதிய கோப்புறை 2" என்ற பாதையைப் பார்த்ததும் குழம்பிப்போகிற பழைய மேக்ஃபைல்கள் இன்னும் ஏராளம்.

கம்பைலே தொடங்காமல், சிஸ்டத்தில் வேண்டியது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கட்டத்திலேயே நின்றுவிட்டால் காரணம் திரையில் முழுதாக வராது. அந்தச் சோதனையைச் செய்யும் கருவி கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்றால் கான்ஃபிக்.லாக், மீசான் என்றால் மீசான்-லாக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் லாக், சிமேக் என்றால் சிமேக்ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் லாக். அங்கே போய்ப் பாருங்கள்.

நேற்று என்ன மாறியது

ஆர்ச்சின் பேக்கேஜ் மேனேஜரான பேக்மேன் எழுதி வைக்கும் /வார்/லாக்/பேக்மேன்.லாக் என்ற ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். "அப்கிரேடட்" என்று வரும் ஒவ்வொரு வரியிலும் பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இருநூறு வரி இருந்தாலும் பயப்பட வேண்டாம், தேட வேண்டிய பெயர்கள் கொஞ்சம்தான்: ஜிசிசி (கம்பைலர்), ஜிலிப்சி (அடிப்படை சி லைப்ரரி), பைத்தான், சிமேக், பூஸ்ட், ஐசியு, ஓப்பன்எஸ்எஸ்எல், ரஸ்ட், நோட், கியூடி, எஃப்எஃப்எம்பெக், கெர்னல், அப்புறம் பேக்மேனே. இவற்றில் ஏதாவது ஒன்றின் முதல் எண் மாறியிருந்தால் அதுதான் முதல் சந்தேகம். பைத்தான், ரஸ்ட், பூஸ்ட், ஜிலிப்சி, கெர்னல் ஆகியவற்றுக்கு இரண்டாவது எண்ணையும் பாருங்கள், பைத்தானில் 3.12 என்பது 3.13 ஆவதே பெரிய மாற்றம்.

பேக்மேன் மாறினால் வருவது வேடிக்கையான கேஸ். 2024 செப்டம்பரில் பேக்மேன் 7 வந்தபோது அதன் உள் லைப்ரரியான லிப்ஆல்ப்பத்தின் எண் 14இலிருந்து 15 ஆனது. ஏயுஆர் பேக்கேஜ் கட்டித் தருகிற யேயும் பாருவும் பழைய 14ஐத் தேடிக்கொண்டு திறக்கவே மறுத்தன. சரி செய்கிற கருவியே உடைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். ஏயுஆரில் இருந்து யேயின் ஃபோல்டரை கிட் குளோன் செய்து, அதற்குள் போய் மேக்பிகேஜியை எஸ்-ஐ ஆப்ஷனோடு, இரண்டும் சின்ன எழுத்தில், ஓட்டினால் புது லைப்ரரியோடு இணைந்த யே வந்துவிடும். யே போன்ற ஹெல்பர் இல்லாமல் கையால் கட்டுவது எப்படி என்று எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. தெரியாதவர்கள்தான் சின்ன விஷயத்துக்கு முழு சிஸ்டத்தையும் ஃபார்மேட் செய்கிறார்கள்.

சில்லறைக் காரணங்கள், ஆனால் அதிகம் நடப்பவை

பாதி அப்டேட். பேக்மேனில் எஸ்-ஒய் மட்டும் கொடுத்து (எஸ் பெரியது) ஒரே ஒரு பேக்கேஜைப் போடுவது ஆர்ச்சில் ஆதரிக்கப்படாத வழி. பட்டியல் புதிது, லைப்ரரி பழையது என்று கலவையாக நின்றுவிடும். கடைசியில் யு சேர்த்து முழுவதையும் ஏற்றிவிட்டுப் பிறகு பில்ட் பாருங்கள். மஞ்சாரோக்காரர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவத்தில் வரும். மஞ்சாரோவின் ஸ்டேபிள் பேக்கேஜ்கள் ஆர்ச்சை விடச் சில வாரம் பின்னால் வருகின்றன, ஏயுஆரோ இன்றைய ஆர்ச்சை மனதில் வைத்து எழுதப்படுவது. அங்கே சில நேரம் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டுமே.

பேஸ்-டெவல். பில்டுக்கு வேண்டிய அடிப்படைக் கருவிகளின் தொகுப்பு இது. 2023 பிப்ரவரியில் அது குரூப்பாக இருந்ததிலிருந்து மெட்டா பேக்கேஜாக மாறியது. அதற்கு முன் போட்ட சிஸ்டத்தில் புதிதாகச் சேர்ந்த கருவி ஏதாவது விட்டுப்போயிருக்கலாம். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் பேஸ்-டெவலை மறுபடி ஒருமுறை இன்ஸ்டால் கொடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

பேக்நியூ ஃபைல்கள். மேக்பிகேஜியின் அமைப்புகள் இருக்கும் மேக்பிகேஜி.கான்ஃப் ஃபைலை நீங்கள் கை வைத்து மாற்றியிருந்தால் அப்டேட் அதைத் தொடாது, பக்கத்தில் டாட் பேக்நியூ என்று புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடும். வருடக்கணக்காக யாரும் அதைத் திறப்பதில்லை. அதில் இருக்கும் பழைய ஃபிளாக்குகளோடு (கம்பைலருக்குக் கொடுக்கும் ஆப்ஷன்கள்) புதுக் கம்பைலர் முட்டிக்கொள்ளும். பேக்டிஃப் என்ற கருவியை ஓட்டி இரண்டையும் ஒப்பிட்டு இணைத்துவிடுங்கள்.

பழைய குப்பை. போன மாதக் கட்டுமானத்தின் சோர்ஸ் இருக்கும் எஸ்ஆர்சி ஃபோல்டர் அப்படியே கிடந்தால், அதற்குள் இருக்கும் சிமேக் கேஷ் பழைய லைப்ரரியின் பாதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். மேக்பிகேஜிக்குப் பெரிய எழுத்து சி கொடுங்கள், எஸ்ஆர்சியைத் துடைத்துவிட்டுத் தொடங்கும். சின்ன எழுத்து சி வேறு, அது வேலை முடிந்த பிறகு துடைப்பது.

வேறு பைத்தான். கல்லூரிப் பிள்ளைகளிடம் இதுதான் நம்பர் ஒன். மெஷின் லேர்னிங் வகுப்புக்காக அனகோண்டா போட்டிருப்பார்கள், அது டெர்மினல் திறந்ததும் தன் பைத்தானை முன்னால் நிறுத்திவிடும். சிஸ்டம் பேக்கேஜ் கட்டும்போது "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" என்று வரும், பேக்மேனில் பார்த்தால் அந்த மாட்யூல் இருக்கும். விச் பைத்தான் என்று கேளுங்கள். /யுஎஸ்ஆர்/பின் தவிர வேறு எதைச் சொன்னாலும் கோண்டாவை டிஆக்டிவேட் செய்துவிட்டுக் கட்டுங்கள். பைஎன்வ் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

இடமும் நினைவகமும். /டிஎம்பி என்பது ஆர்ச்சில் வழக்கமாக ரேமில் இருக்கிறது, மொத்த ரேமில் பாதி வரைதான் நீளும். பில்ட் ஃபோல்டரை அங்கே வைத்திருந்தால் 8 ஜிபி மெஷினில் பெரிய பேக்கேஜ் "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்று நிற்கும், ஹார்ட் டிஸ்கில் 200 ஜிபி காலியாக இருந்தாலும் சரி. "கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்" என்று வந்தால் ரேம் தீர்ந்து கெர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கிறது. மைனஸ் ஜே இரண்டு என்று குறைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

இன்னொன்று, சேலம் வெயிலுக்காகவே சொல்வது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு ஃபைலில் "இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று விழுந்தால் மென்பொருளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சோர்ஸில் பிழை இருந்தால் அது இடம் மாறாது. இடம் மாறினால் ரேமோ சூடோதான் காரணம். சித்திரை வெயிலில் மூன்றாவது மாடி அறையில் பழைய லேப்டாப்பின் எல்லா கோர்களையும் ஒரு மணி நேரம் ஓட்டினால் அது என்ன செய்யும்? ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள், மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள்.

கம்பைலர் கண்டிப்பானால்

ஜிசிசி வருடத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் விடுகிறது. ஒவ்வொன்றிலும் முன்பு சும்மா எச்சரித்துவிட்டு விட்டதை இப்போது எரராக்கும், அல்லது முன்பு தானாக உள்ளே வந்த ஹெடரை (அறிவிப்புகள் இருக்கும் ஃபைல்) இப்போது தராது. இந்த வரிசை தெரிந்தால் எரரைப் பார்த்ததும் எந்த வெர்ஷனின் வேலை என்று சொல்லிவிடலாம்.

"மல்டிபிள் டெஃபினிஷன்" என்று லிங்க் செய்யும்போது வந்தால் அது 2020இல் வந்த ஜிசிசி 10இன் மாற்றம். ஒரே வேரியபிளைப் பல ஃபைலில் அறிவித்த பழைய சி புரோகிராம்கள் அன்றிலிருந்து விழுகின்றன. சி கம்பைலருக்கான ஃபிளாக்குகளைக் கொடுக்கும் வேரியபிளான சிஃபிளாக்ஸில் மைனஸ் எஃப்-காமன் சேர்த்தால் ஓடும். "யுஇன்ட்32-டி டஸ் நாட் நேம் எ டைப்" என்று சி பிளஸ் பிளஸ்ஸில் வந்தால் ஜிசிசி 13. அந்த ஃபைலின் தலையில் சிஎஸ்டிடின்ட் ஹெடரைச் சேர்த்தால் போதும், ஒரு வரி வேலை.

"இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்" அல்லது "இன்கம்பாட்டிபிள் பாயின்டர் டைப்" என்று வந்தால் 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14. பழைய பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர் கருவி, கல்லூரி லேபில் இன்னும் ஓடும் பழைய சிமுலேட்டர் எல்லாம் கூட்டமாக விழுந்தது இதில்தான். சிஃபிளாக்ஸில் மைனஸ் எஃப்-பெர்மிசிவ் சேர்த்தால் மறுபடி எச்சரிக்கையாக இறங்கிவிடும். ஆனால் பாயின்டர் சம்பந்தப்பட்ட எரரை இப்படி மூடுவதற்கு முன் அந்த வரியை ஒருமுறை பாருங்கள், உண்மையிலேயே தப்பாக இருந்து இத்தனை வருடம் அதிர்ஷ்டத்தில் ஓடிய கோட் உண்டு.

2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15 சி மொழியின் 23ஆம் ஆண்டுத் தரத்தைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதில் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். பழைய புரோகிராமில் யாராவது தாமே பூல் என்று டைப்டெஃப் செய்து வைத்திருந்தால் முட்டும். வெற்று அடைப்புக்குறி போட்ட ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் எதுவும் கிடையாது என்ற பொருளும் வந்துவிட்டது, ஆகவே "டூ மெனி ஆர்க்யுமென்ட்ஸ்" என்று எரர் வரும். எஸ்டிடி சமம் ஜிஎன்யு17 என்று சிஃபிளாக்ஸில் கொடுத்தால் பழைய விதிக்குத் திரும்பிவிடும்.

இந்த ஃபிளாக்குகளை எங்கே போடுவது என்பதில்தான் பலர் சொதப்புகிறார்கள். மேக்பிகேஜி.கான்ஃபில் போட்டால் சிஸ்டத்தில் நீங்கள் கட்டும் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும், ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ விழும்போது இது நினைவிருக்காது. அந்த ஒரு பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதியிருக்கும் பிகேஜிபில்ட் ஃபைலில், பில்ட் ஃபங்ஷனின் முதல் வரியாகப் போடுங்கள்.

சிமேக், ரஸ்ட், நோட்

சிமேக் 4.0 2025 மார்ச்சில் வந்தது. 3.5க்குக் கீழே வேண்டும் என்று எழுதி வைத்த புராஜெக்ட்களை அது ஏற்காது, "கம்பாட்டிபிலிட்டி ஹாஸ் பீன் ரிமூவ்டு" என்று உடனே நின்றுவிடும். சிமேக்-பாலிசி-வெர்ஷன்-மினிமம் என்ற வேரியபிளுக்கு 3.5 என்று மதிப்புக் கொடுத்தால் கடந்துவிடலாம், எரர் செய்தியே இந்த வழியைச் சொல்லும். படிக்கத்தான் ஆள் வேண்டும்.

ரஸ்ட்டில் 1.80 வந்தபோது, 2024 ஜூலையில், டைம் என்ற கிரேட்டின் (ரஸ்ட் லைப்ரரியின்) பழைய வெர்ஷன்கள் "டைப் அனோட்டேஷன்ஸ் நீடட்" என்று விழத் தொடங்கின. அதை நம்பியிருந்த பேக்கேஜ்கள் எல்லாம் சேர்ந்து விழுந்தன. கார்கோ அப்டேட்டை டைமுக்கு மட்டும் கொடுத்தால் சரியாகும். இப்படி நடக்கும்போது உங்கள் பேக்கேஜைத் திட்டாமல், எந்தக் கிரேட் கம்பைல் ஆகும்போது நின்றது என்று பாருங்கள். நோடில் பழைய வெப்பேக் புராஜெக்ட் "ஓஎஸ்எஸ்எல்" என்ற எழுத்துகள் உள்ள எரரோடு நின்றால், நோட் 17 முதல் உள்ளே வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3தான் காரணம். லெகசி புரொவைடர் ஆப்ஷன் தற்காலிகமாக உதவும்.

பைத்தான் ஏறிய நாள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஆர்ச்சில் வருடத்துக்கு ஒருமுறை நிச்சயமாக வருகிற திருவிழா இது. பைத்தான் மாட்யூல்கள் வெர்ஷன் எண் போட்ட ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். 3.12 போய் 3.13 வந்தால் ஆர்ச்சின் சொந்தப் பேக்கேஜ்கள் அனைத்தும் புது ஃபோல்டருக்குக் குடிபெயர்ந்து வந்துவிடும். ஏயுஆரில் இருந்து நீங்கள் கட்டியவை மட்டும் பழைய வீட்டிலேயே கிடக்கும். புதுப் பைத்தான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. உடனே "நோ மாட்யூல் நேம்டு" என்று வரும்.

எவையெல்லாம் அங்கே மாட்டியிருக்கின்றன என்று பார்க்க, பேக்மேனில் கியூ-ஓ-கியூ (முதல் கியூ பெரியது) கொடுத்துப் பழைய பைத்தான் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள், பட்டியல் வந்துவிடும். அதை அப்படியே யேக்குக் கொடுத்து ரீபில்ட் ஆப்ஷனோடு ஓட்டலாம். ஒன்றையொன்று நம்பியிருப்பவை இருந்தால் வரிசை முக்கியம், அடியில் இருப்பதை முதலில் கட்ட வேண்டும். ஒரு பேக்கேஜ் கட்டும்போது இன்னொரு மாட்யூலைக் காணோம் என்றால், அந்த மாட்யூலும் இதே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

ரீபில்டே விழுந்தால் அது வேறு கதை. பைத்தான் 3.12இல் டிஸ்ட்யுட்டில்ஸும் இம்ப் மாட்யூலும் நீக்கப்பட்டன, 3.13இல் சிஜிஐ, கிரிப்ட் போன்ற பழைய மாட்யூல்கள் போயின. அவற்றை நம்பிய பேக்கேஜை எத்தனை முறை கட்டினாலும் கட்ட முடியாது. டிஸ்ட்யுட்டில்ஸுக்கு மட்டும் செட்அப்டூல்ஸ் போட்டால் பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். மற்றதற்கு அப்ஸ்ட்ரீமில் (மென்பொருளை எழுதுகிறவர்களிடம்) புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பாருங்கள், வரவில்லை என்றால் மாற்று மென்பொருள் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உங்கள் சொந்த வெர்ச்சுவல் என்விரான்மென்ட்களும் இதே நாளில் உடையும். அவற்றைச் சரிசெய்ய உட்காராதீர்கள். அழித்துவிட்டு ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் இருந்து புதிதாகப் போடுவது பத்து நிமிட வேலை.

லைப்ரரி எண் மாறினால்

"எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரிஸ்" என்று வந்து, பக்கத்தில் லிப்ஐசியு, லிப்பூஸ்ட் போன்ற பெயரும் ஓர் எண்ணும் இருந்தால், பழைய எண்ணைத் தேடுகிற புரோகிராம் அது. ஐசியுவும் பூஸ்ட்டும் ஒவ்வொரு பெரிய வெர்ஷனிலும் எண் மாற்றும் வழக்கம் உள்ளவை. ரீபில்ட்-டிடெக்டர் என்ற பேக்கேஜைப் போட்டு செக்ரீபில்ட் என்று ஓட்டினால் உடைந்தவற்றை அதுவே பட்டியலிடும். குறிப்பாக ஒன்றை மட்டும் பார்க்க வேண்டுமானால் எல்டிடி கட்டளையில் அந்த பைனரியைக் கொடுத்து "நாட் ஃபவுண்ட்" வரிகளைத் தேடுங்கள்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். புது லைப்ரரிக்குப் பழைய எண்ணில் ஒரு சிம்லிங்க் போட்டு ஏமாற்றுவது. யூடியூபில் பார்த்துவிட்டுச் செய்கிறார்கள். எண் மாறியதே உள்ளே அமைப்பு மாறிவிட்டது என்பதால்தான். திறக்கிற மாதிரி திறந்து, நடுவில் விழும், சமயத்தில் டேட்டாவையும் கெடுக்கும். கணக்கு வைத்திருக்கும் மெஷினில் இந்த விளையாட்டே வேண்டாம்.

கெர்னல் மாட்யூல்

வைஃபை, வர்ச்சுவல்பாக்ஸ், என்விடியா போன்றவற்றின் மாட்யூல்கள், கெர்னல் மாறும்போது அவற்றை மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் வழியாகக் கட்டப்படும். முதலில் யுநேம் மைனஸ் ஆர் என்ன சொல்கிறது, இன்ஸ்டால் ஆகியிருக்கும் கெர்னல் என்ன வெர்ஷன் என்று ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ரீபூட் செய்யுங்கள், ஆர்ச்சில் கெர்னல் ஏறியதும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலின் மாட்யூல் ஃபோல்டர் நீக்கப்பட்டுவிடும். பென்டிரைவ் செருகினால் வேலை செய்யாததும் இதனால்தான். அடுத்து ஹெடர்கள். எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள) கெர்னலுக்கு எல்டிஎஸ் ஹெடர், சாதாரணத்துக்குச் சாதாரணம். இரண்டு கெர்னல் வைத்திருந்தால் இரண்டும் வேண்டும்.

அப்படியும் விழுந்தால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் உள்ளே அந்த மாட்யூலின் பில்ட் ஃபோல்டரில் மேக்.லாக் இருக்கும். புதுக் கெர்னலில் ஒரு ஃபங்ஷனின் வடிவம் மாறி டிரைவர் இன்னும் மாறாமல் இருந்தால் நீங்கள் செய்யக்கூடியது குறைவு. எல்டிஎஸ் கெர்னலில் பூட் செய்து வேலையைப் பாருங்கள். இதற்காகவே இரண்டாவது கெர்னலாக எல்டிஎஸ் எப்போதும் இருக்கட்டும், முக்கியமாக வைஃபை டிரைவரே டிகேஎம்எஸ்ஸில் இருக்கிறவர்களுக்கு. டிரைவர் போய்விட்டால் டிரைவரை இறக்க நெட் எங்கிருந்து வரும்? போனை யுஎஸ்பி டெதரிங்கில் போட்டால் வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

உபுண்டு, மின்ட்

எல்டிஎஸ் போட்டிருக்கிறேன், எனக்கு எதுவும் மாறாது என்று நினைப்பவர்களுக்கு: டெஸ்க்டாப் உபுண்டுவில் கெர்னல் மாறும். 24.04 வந்தபோது 6.8, பிறகு 24.04.2இல் 6.11, 24.04.3இல் 6.14. கிட்ஹப்பில் இருந்து எடுத்துப் போட்ட வைஃபை டிரைவர் அப்போதுதான் உடையும், அது உடைந்ததால் கெர்னல் பேக்கேஜின் இன்ஸ்டாலே பாதியில் நிற்கும், அதனால் உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட்டே எதையும் செய்ய மறுக்கும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பார்த்து அந்த மாட்யூலை நீக்குங்கள், பிறகு டிபிகேஜியைக் கான்ஃபிகர் மைனஸ் ஏ என்று ஓட்டினால் ஆப்ட் விடுபடும். டிரைவரின் புது வெர்ஷனை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

22.04இல் இன்னொரு வேடிக்கை உண்டு. அதன் சொந்தக் கம்பைலர் ஜிசிசி 11, பின்னால் வந்த 6.5 கெர்னலோ ஜிசிசி 12இல் கட்டப்பட்டது. டிகேஎம்எஸ் "அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்-லைன் ஆப்ஷன்" என்று புலம்பினால் ஜிசிசி-12ஐ இன்ஸ்டால் செய்யுங்கள், முடிந்தது.

பைத்தான் பேக்கேஜ் இறக்கும் பிப் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு" என்று மறுத்தால் அது கோளாறே இல்லை. உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் போடுங்கள். பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்ற ஆப்ஷனைக் கொடுக்காதீர்கள், பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஹெடர் ஃபைல் காணோம் என்று எரர் வந்தால் உபுண்டுவில் லைப்ரரி பெயரோடு மைனஸ் டெவ் என்று முடியும் பேக்கேஜ் வேண்டும். எந்தப் பேக்கேஜ் என்று தெரியாவிட்டால் ஆப்ட்-ஃபைல் சர்ச். ஆர்ச்சில் இப்படிப் பிரிப்பதில்லை, பேக்மேனில் பெரிய எஃப் கொடுத்துத் தேடலாம்.

கரண்ட்டும் சிக்னலும்

ஏற்காட்டில் இடி மழை தொடங்கினால் கரண்ட் போகும், டவரும் சேர்ந்து தொங்கும். அப்டேட் நடுவில் மெஷின் அணைந்தால் லைப்ரரிகள் சில வெற்று ஃபைலாக நின்றுவிடும். எல்டிகான்ஃபிக் ஓட்டிப் பாருங்கள். "ஈஸ் எம்டி, நாட் செக்டு" என்று வரிசையாக வந்தால் பில்டில் தேட ஒன்றுமில்லை, அந்த ஃபைல்களின் பேக்கேஜ்களை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும். பேக்மேன் "அனேபிள் டு லாக் டேட்டாபேஸ்" என்றால், வேறு பேக்மேன் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, /வார்/லிப்/பேக்மேன் உள்ளே இருக்கும் டிபி.எல்சிகே ஃபைலை நீக்குங்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சர்டிஃபிகேட் செல்லாது, கையெழுத்து எதிர்காலத்தில் போடப்பட்டது, கிளாக் ஸ்க்யூ என்று சம்பந்தமில்லாத எரர்கள் வரும். முதலில் டேட் என்று அடித்துப் பாருங்கள்.

செக்சம் (இறக்கிய ஃபைல் சரியானதா என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை என்று வந்தால் அதைத் தவிர்க்கும் ஆப்ஷனைக் கொடுக்காதீர்கள். இறங்கிய டார் ஃபைலை ஃபைல் என்ற கட்டளையில் கொடுத்துப் பாருங்கள். ஹாஸ்டல் வைஃபையில், லாட்ஜ் வைஃபையில் அது "எச்டிஎம்எல்" என்று சொல்லும்: சோர்ஸுக்குப் பதில் லாகின் பக்கம் இறங்கியிருக்கிறது. பிஜிபி சாவி இல்லை என்று வந்தால், புராஜெக்ட்டின் சொந்தத் தளத்தில் அந்தச் சாவியின் எண்ணை ஒப்பிட்டுவிட்டு ஜிபிஜியில் இறக்குங்கள். சிஸ்டம் பேக்கேஜ்களுக்கே கையெழுத்துப் பிரச்சினை என்றால் ஆர்ச்லினக்ஸ்-கீரிங்கை முதலில் ஏற்றி, உடனே முழு அப்டேட்டும் கொடுத்துவிடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்கள் மேக்பிகேஜி.கான்ஃபில் எஸ்ஆர்சிடெஸ்ட் என்ற இடத்தில் ஒரு ஃபோல்டரைக் கொடுத்துவிடுங்கள், இறக்கிய சோர்ஸ் அங்கேயே தங்கும், ஒவ்வொரு தடவையும் டேட்டா கரையாது. பிரவுசர் போன்ற ராட்சதங்களைக் கட்டவே கட்டாதீர்கள், பெயர் மைனஸ் பின் என்று முடியும் ரெடிமேட் பேக்கேஜ் இருந்தால் அதை எடுங்கள்.

ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2025 ஜூலையில் ஏயுஆரில் பிரவுசர் பெயர்களோடு ஃபிக்ஸ், பேட்ச் என்று ஒட்டவைத்த மூன்று பேக்கேஜ்கள் வந்தன. உள்ளே இருந்தது கம்ப்யூட்டரைத் தூரத்தில் இருந்து கட்டுப்படுத்தும் டிரோஜன். இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள். பில்ட் உடைந்து எரிச்சலில் இருப்பவன் "ஃபிக்ஸ்" என்ற பெயரைப் பார்த்தால் பாய்ந்து எடுப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிகேஜிபில்ட் ஃபைலைத் திறந்து சோர்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

இறங்கி வருவது

எதுவும் நடக்கவில்லை, நாளைக்கு ரெகார்ட் சப்மிட் செய்ய வேண்டும் என்றால் பின்வாங்கலாம், தப்பில்லை. /வார்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி உள்ளே பழைய வெர்ஷன்கள் இருக்கும், பேக்மேனில் பெரிய யு கொடுத்து அந்த ஃபைலை இன்ஸ்டால் செய்யலாம். அங்கே இல்லாவிட்டால் ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவில் தேதிவாரியாக இருக்கிறது. சிமேக் போன்ற கருவியை மட்டும் இறக்குவதில் பெரிய ஆபத்து இல்லை. ஜிலிப்சி, பைத்தான், ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவற்றைத் தனியாக இறக்காதீர்கள், மொத்த வீடும் சாயும். அவற்றுக்கு டைம்ஷிஃப்ட்டோ பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டோதான் வழி, அதுவும் அப்டேட்டுக்கு முன்பே எடுத்திருந்தால். இக்னோர்பிகேஜியில் ஒரு பேக்கேஜை நிறுத்தி வைத்தால் எப்போது எடுக்க வேண்டும் என்று பக்கத்திலேயே தேதி போட்டு ஒரு கமென்ட் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அதுவே அடுத்த பாதி அப்டேட் ஆகிவிடும்.

பேக்கேஜை பராமரிப்பவருக்கு எழுதுகிறீர்கள் என்றால் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். முதல் எரரைச் சுற்றி இருபது வரி, பேக்மேன்.லாகில் சந்தேகப்படும் வரி, சுத்தமாகத் துடைத்துக் கட்டியும் விழுந்ததா என்ற தகவல், இவ்வளவு போதும். முடிந்தால் டெவ்டூல்ஸ் போட்டு சுத்தமான சிஹெச்ரூட்டில் (உங்கள் சிஸ்டத்திலிருந்து பிரித்த தனிச் சூழல்) கட்டிப் பாருங்கள். அங்கே பில்ட் ஆகிவிட்டால் கோளாறு உங்கள் மெஷினில், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அங்கேயும் விழுந்தால் தைரியமாக எழுதலாம்.

ஏற்காடு மலைக்கு மேலே வேலை இருக்கிறவர்கள் அப்டேட்டை, போகிற வழியில் இருக்கும் கோரிமேடு தாண்டுவதற்கு முன்பே, வீட்டு நெட்டில், ரீபூட்டும் செய்து, ஏயுஆர் ரீபில்டையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிய பிறகு "ஒரு சின்ன அப்டேட்தானே" என்று தொடங்காதீர்கள்.